தற்கொலை எண்ணமும் சார்ந்ததன் வண்ணமாதலும்

தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ள முயன்று, மருத்துவர் முயற்சியாற் பிழைத்து, மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் ஒருவனிடத்துச் சித்தாந்த சைவன் ஒருவன் சென்று சொல்லத்தக்கது யாது? இவ்வினா வெறும் நூலாராய்ச்சி பற்றி எழுந்ததன்று. சென்ற ஆண்டு என் நண்பரொருவரின் மகன் அந்நிலையிற் கிடந்தபோது, யான் அவனருகே அமர்ந்து, மானிடப் பிறவியின் அருமையையும், உடம்பை வலிந்து நீக்குவார்க்கு வந்தெய்தும் வினைப்பயனையும் நெடுநேரம் எடுத்துரைத்தேன். அவன் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டான். சிறிது நேரங் கழித்து வந்த செவிலியார், “தம்பி, கஞ்சி ஆறுகின்றதே, எழுந்து இரண்டு வாய் பருகு. விடியும்வரை நான் இங்கேதான் இருப்பேன்” என்றார். அவன் எழுந்து உட்கார்ந்தான். யான் கூறியவற்றுள் ஒன்றேனும் சாத்திரத்துக்கு மாறானதன்று. ஆயினும் அவனுக்குப் பயன்பட்டது செவிலியார் சொல்லே. அஃது ஏன் என்று அன்றுமுதல் எண்ணி வருகின்றேன்.

‘எல்லாம் அவனவன் வினை, பிராரத்தம் முடிந்துழி உடம்பு விழும், முடியாவழி விழாது, இடையே நாம் தடுப்பதென்ன?’ என்பாரும் உளர். இவர் தமக்குப் பசி வந்துழி மட்டும் வினையை நம்பி வாளா இருப்பதில்லை. இன்பதுன்ப நுகர்ச்சி வினைவழி வருவதென்பது நம் கொள்கையே. ஆயின் வினை அறிவற்றது. தானே சென்று ஒருவனைப் பற்றமாட்டாது. இறைவனே அதனைக் கூட்டுவிக்கின்றான். அங்ஙனங் கூட்டுவிப்பவன், நோயைக் கூட்டி, மருந்தையும் மருத்துவனையும் கூட்டாது விடுவான் என்று கொள்ளுதற்கு நியாயம் யாது? ஒருவனைக் காக்கச் செல்லும் நம் கால்களும் அவன் வினைப்பயனுள் அடங்கியனவாகலாம். செல்லாதொழிந்த குற்றமோ நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

இனி, பழித்துத் திருத்தலாம் என்பார் கூற்று. தனு கரண புவன போகங்கள் மலபரிபாகத்தின் பொருட்டு இறைவன் தந்தவை. அவற்றை இடையில் எறிதல் தகாது என்பது உண்மை. அவ்வுண்மை தெளிந்த அறிவினார்க்குக் கூறத்தக்கது. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும்; ஆணவவிருளோ தன்னையும் காட்டாது. மனத்தளர்ச்சி நோயும் இத்தன்மைத்து. ‘யான் இல்லாதிருத்தலே பிறர்க்கு நலம்’ என்று நோயாளி எண்ணும்போது, அதனை நோயின் பேச்சென்று அவன் அறியான்; உண்மையென்றே துணிகின்றான். அவன்பாற் சென்று ‘நீ பாவஞ் செய்தாய்’ என்பது, தன்னை வெறுப்பவன் கையில் வெறுப்பதற்கு இன்னுமொரு காரணத்தைக் கொடுப்பதேயாம். அரசியற் சட்டங்களும் இதனைக் காலந்தாழ்த்தே உணர்ந்தன. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றமென்னும் விதி 1998-இல் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பெரிதும் வலியிழக்கச் செய்தது; 2024 சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அப்பொது விதி இடம்பெறவில்லை.

பழித்தல் பயன்படாதாயின், பயன்படுவது யாது? இதனை ஆராய்ந்தவருள் சான் பிரான்சிஸ்கோ நகரத்து உளநோய் மருத்துவர் ஜெரோம் மோட்டோ என்பவரது முயற்சி சித்தாந்திகள் கருதத்தக்கது. தற்கொலை எண்ணத்தாலோ மனத்தளர்ச்சியாலோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட 3,005 பேரை 1969 முதல் அவர் ஆராய்ந்தார். இத்தகையோர்க்கு மருத்துவமனையை விட்டு வெளியேறிய முதற் சில வாரங்களே பேரிடர் மிக்க காலம். அவருள் 843 பேர் பின்னர்த் தொடர்ந்து மருத்துவம் பெற உடன்படவில்லை. அவர்களைத் திருவுளச்சீட்டுப் போல்வதொரு முறையால் இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மட்டும் ஐந்தாண்டுகளில் 24 சிறு கடிதங்கள் விடுத்தனர். அவற்றில் அறிவுரை இல்லை; மருத்துவத்துக்கு வருக என்னும் வற்புறுத்தல் இல்லை. அவர்களை மறந்திலர் என்பதும், நலமாக இருக்க விழைகின்றனர் என்பதும், அவர்களே எழுத விரும்பின் மகிழ்வர் என்பதுமே பொருள். கடிதம் பெற்றாருள் தற்கொலையால் இறந்தார் தொகை ஐந்தாண்டுகளிலும் குறைந்திருந்தது. முதலிரண்டாண்டுகளில் அவ்வேறுபாடு ஐயத்துக்கிடமின்றிப் புலனாயிற்று. கடிதம் நின்றபின் வேறுபாடு சிறுகச் சிறுகத் தேய்ந்து, பதினான்காம் ஆண்டில் இல்லையாயிற்று.

நம்மவரிடையே நடந்ததும் ஒன்றுண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசில் நாட்டுக் காம்பினாசு, ஈரானியக் கராஜ், சீனத்து யுன்செங் ஆகிய ஐந்திடங்களில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2008-இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று அவசர மருத்துவத்துக்கு வந்த 1,867 பேருள் ஒரு பகுதியார்க்கு, வழக்கமான மருத்துவத்தோடு ஒரு மணிநேர உரையாடலும், பின் பதினெட்டுத் திங்களில் ஒன்பது முறை தொலைபேசியாலோ நேரிலோ நலம் உசாவுதலும் செய்தனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தனர்; உசாவப்பட்டாருள் நூற்றுக்கு 0.2. பிறவிடங்களில் நடந்த இத்தகைய முயற்சிகள் எல்லாம் ஒரேபடியாகப் பயன் தந்தன என்று கூறுதல் இயலாது. மருந்தும் மருத்துவரும் வேண்டா என்பதும் இதன் கருத்தன்று. எனினும் ஒன்பது முறை ‘நலமா?’ என்று கேட்டல் இத்துணை செய்யும் என்று எதிர்பார்த்தவர் யாவர்?

சித்தாந்தி எதிர்பார்த்திருத்தல் வேண்டும். உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று என்பது மெய்கண்டார் வழிவந்தார்க்கு அடிப்படையன்றோ? பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுதல்போல, உயிர் மலத்தைச் சார்ந்துழி மலமாயும், அருளைச் சார்ந்துழி அருளாயும் நிற்கும். ஆதலின் ‘உள்ளத்தை நீயே திடப்படுத்திக்கொள்’ என்று நோயாளிக்குக் கூறுதல், உயிரின் இயல்புக்கே மாறான கட்டளை. அவனுக்கு வேண்டுவது சார்பு. அச்சார்பும் கைம்மாறு கேளாததாய் இருத்தல் வேண்டும். உயிர் தன்னை அறியாதிருக்கும் காலத்தும் திரோதான சத்தி அதனுள் மறைந்து நின்று நடத்துகின்றது. விடை வாராதபோதும் கடிதம் விடுத்தார் செயல் அதன் சிறுநிழல் எனலாம். கடிதம் நின்றபின் பயன் தேய்ந்ததும் இதனோடு ஒக்கும். கண்ணுக்கு ஒருநாட் கதிரொளி மறுநாட்குப் போதாது.

பெரியபுராணம் கற்றார் திலகவதியாரை நினைப்பர். தாய்தந்தையரை இழந்து, மணம்பேசிய கலிப்பகையாரும் போரில் மாண்டாரென்று கேட்டு, அவ்வம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தார். இளையவராகிய மருணீக்கியார் தத்துவம் பேசினாரல்லர். அடிகளில் விழுந்தழுது, தமக்கு வேறு துணையில்லை என்பதைக் கூறினார். அம்மையார் தம்பியின் பொருட்டு உயிர்தாங்கினார். பன்னாள் கழித்துச் சூலைநோயால் வருந்தி இரவில் வந்த அத்தம்பியை ஏற்றுத் திருநீறளித்தவரும் அவரே. அன்று அவர் இலராயின் நமக்கு நாவுக்கரசர் ஏது?

சாவெண்ணம் உண்டா என்று வெளிப்படக் கேட்பின் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு ஆவதில்லை என்பது ஆராய்ந்து கண்ட முடிபு. கேட்பதற்கும் கேட்கப்படுதற்கும் ஒருவருமில்லாதார்க்கு, இந்தியாவில் 14416 என்னும் அரசின் தொலைபேசி எண் 2022 முதல் உளது, தமிழிலும் பேசலாம்.

அவ்விளைஞனைப் பின்னர் ஒருநாட் கண்டு, அவ்வெண்ணம் இன்னும் வருகின்றதா என்று கேட்டேன். சில நாள் வருகின்றது என்றான். அம்மருத்துவரிடம் மீண்டுஞ் செல்ல உடன்பட்டான். இப்போது வெளியூரிற் படிக்கின்றான். திங்கள்தோறும் ஓர் அஞ்சலட்டை எழுதி வருகின்றேன். மழை, கோயில் விழா, அவன் வீட்டு மாமரம் இவை பற்றியே எழுதுகின்றேன். நான்கு சென்றுள்ளன. விடை வந்திலது. ஐந்தாவதை நாளை அஞ்சலிற் சேர்ப்பேன்.