தந்தையின் நோயும் மைந்தனின் வாய்மையும்

பிறப்பால் வந்த ஒன்றிற்கு ஒருவன் பொறுப்பாவானோ? தந்தைக்கு அறுபது வயதிற்குள் மாரடைப்பு வந்திருக்குமாயின், தீவிர நோய்க் காப்பீடு நாடும் மைந்தனிடம் கூடுதல் பிரிமியம் கேட்பதுண்டு. விண்ணப்பத்தையே மறுப்பதும் உண்டு. அவன் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. ஆகவே, பெற்றோர், உடன்பிறந்தார் நோய்களைப் படிவம் வினவுமிடத்தில் "இல்லை" என்றெழுதினால் என்ன என்று மனம் தூண்டுகிறது. இஃது அறமாகுமா?

இக்காப்பீட்டைத் தோற்றுவித்தவர் தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர் மாரியஸ் பர்னார்டு. உயிர் பிழைத்த நோயாளிகள் பொருளின்றி நலிவதைக் கண்டு, 1983-இல் இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். பட்டியலிலுள்ள நோய் உறுதிப்பட்டு, குறித்த நாள்கள் உயிருடனிருப்பின் ஒரே தொகையாகப் பணம் கிடைக்கும். அப்பணம் நிறுவனத்தின் கொடையன்று. பலர் சேர்த்த பொதுநிதி. பொய்யுரைத்துப் பெறுவது அப்பலரிடம் களவு செய்வதேயாகும். பொய் வெளிப்பட்டாலோ, நோய்ப்படுக்கையில் கிடக்கும்போதே கோரிக்கை மறுக்கப்படும், இல்லத்தார் கலங்குவர்.

எனினும், மெய்யுரைப்பவன் மீதே சுமை ஏறுவது நீதியோ? அமெரிக்கா 2008-இல் இயற்றிய சட்டம், குடும்ப நோய் வரலாற்றைக் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்துவதைத் தடுத்தது. ஆயுள் காப்பீட்டிற்கு அத்தடை இல்லை. நீதியின் எல்லை அங்கும் முடிவாகவில்லை.

நாம் செய்யத்தக்கது யாது? அறிந்ததை அறிந்தவாறே எழுதுவோம். அறியாததை அறியேன் என்போம். ஒரு நிறுவனம் மறுத்தால் மற்றொன்றை வினவுவோம்; தனிச் சேமிப்பும் வைப்போம். விதி அநீதியெனில் அதனை மாற்றப் பொதுவில் வாதிடுவதே அறம். தனியே பொய்யெழுதித் தப்புபவன், தன் சுமையை முகமறியாத அயலான் தோளில் ஏற்றுகிறான் அன்றோ?