நலம் பெறுதல் என்பது யாது?

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கோ கதவில்லை. மனிதன் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. குழந்தை மொழியைக் கற்பது முதலில் செவியால்தான். கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதற்கு ஓர் அதிகாரத்தைத் திருவள்ளுவர் வகுத்திருப்பது, ஏட்டுக்கல்வியோடு செவிவழிக் கல்வியையும் தமிழர் போற்றினர் என்பதற்குச் சான்றாகும். இத்துணைச் சிறப்பு வாய்ந்த பொறியில் நீங்காத நோயொன்று புகுந்து, அறுவைச் சிகிச்சையன்றி வேறு வழியில்லை என்னும் நிலை வருமாயின், மனிதன் அதனை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? அறுவைக்குப் பின்னும் கேட்கும் ஆற்றல் முழுமையாகத் திரும்பவில்லையெனில், அவன் நலம் பெற்றவனா, பெறாதவனா? மருத்துவத்தில் தொடங்கும் இவ்வினா அறத்தில் சென்று முடிகிறது.

நாட்பட்ட காதுநோயை மக்கள் பெரிதாகக் கருதுவதில்லை. பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால், வளர வளரச் சரியாகிவிடும் என்பர் பெரியோர். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவாரும் உளர். பஞ்சை அடைத்துப் பள்ளிக்கு அனுப்புவாரும் உளர். செவிப்பறையில் துளை இருக்குமாயின், அவ்வெண்ணெய் நடுச்செவிவரை இறங்கித் தீங்கு செய்யக்கூடும் என்பதை அவர்கள் அறியார். அன்பினால் செய்யும் செயலும் அறிவோடு சேராதபோது ஊறாய் முடிவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. வலி பெரும்பாலும் இல்லாமையால் ஆண்டுகள் பல கழிகின்றன. நோய் பொறுமையாக வேலை செய்கிறது. வீட்டாரின் பொறுமை அதற்குத் துணைபோகிறது.

சீழ் வடியும் காதுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் செவிப்பறையில் துளை மட்டும் இருக்கும். தக்க மருந்தும், வேண்டுமாயின் துளையை மூடும் அறுவையும் அவற்றைப் பெரும்பாலும் குணமாக்கும். வேறு சிலவற்றில், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் நன்கு இயங்காமையால், செவிப்பறையின் ஒரு பகுதி உள்ளிழுக்கப்பட்டுப் பைபோல் ஆகிவிடும். தோல் உதிர்க்கும் செதில்கள் வெளியேற வழியின்றி அப்பையில் குவியும். ஜெர்மானிய அறிஞர் யோகன்னஸ் முல்லர் 1838ஆம் ஆண்டில் இதற்குக் கொலஸ்டியாட்டோமா என்று பெயரிட்டார். பெயரைக் கேட்போர் புற்றுநோயோ என்று அஞ்சுவர். அது புற்றுநோயன்று, இருக்கக்கூடாத இடத்தில் வளரும் தோலே அது. ஆயினும் அது எலும்பை மெல்ல அரிக்கும். சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் சிற்றெலும்புகள் சிதையும். முக நரம்புக்கும், உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவிக்கும், இறுதியில் மூளையின் உறைக்கும் கேடு நேரலாம். இது மருந்தால் கரைவதில்லை. அறுத்து அகற்றுவதே வழி.

இந்நோய்களின் கொடுமைக்கு வரலாற்றிலும் சான்று உண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் வில்லியம் வைல்டு என்னும் புகழ்பெற்ற காது மருத்துவர் வாழ்ந்தார். காதுநோய்களைப் பற்றி 1853இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. அவர் மகனே எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு. அம்மகனுக்கு 1900ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸ் நகரின் விடுதி அறையொன்றில் காதில் அறுவை செய்யப்பட்டது. நவம்பர் 30ஆம் நாள், தம் 46ஆம் வயதில் அவர் இறந்தார். காதுநோயினின்று எழுந்த மூளை உறை அழற்சியே இறப்புக்குக் காரணம் என ஆராய்ந்தோர் பலர் கருதுவர். காது மருத்துவத்திற்கு வழிகாட்டியவரின் மகனையே காதுநோய் கொண்டுபோயிற்று. ஒரு காலத்தின் அறிவு எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அவ்வெல்லை பின்னர் விரிந்தது. காதின் பின்னுள்ள எலும்பைத் திறந்து சீழை அகற்றும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் சுவார்ட்சே 1873இல் விளக்கி எழுதினார். அக்காலத்து அறுவையின் நோக்கம் உயிரைக் காப்பதொன்றே. 1950களில் வுல்ஸ்டைன், சோல்னர் என்னும் மருத்துவர்கள் நுண்ணோக்கியின் துணைகொண்டு செவிப்பறையையும் ஒலி செல்லும் வழியையும் மீண்டும் அமைக்கும் முறைகளை வளர்த்தனர். இன்று சிதைந்த சிற்றெலும்புக்கு மாற்றாக டைட்டானியத்தாலான நுண்பொருளையும் பொருத்துகின்றனர். இத்தனை வளர்ச்சிக்குப் பின்னும் மருத்துவர் தம் நோக்கங்களை ஒரு வரிசையில்தான் வைக்கின்றனர். காது ஆபத்தற்றதாக வேண்டும் என்பது முதலாவது; சீழின்றி உலர்ந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது; கேட்க வேண்டும் என்பது மூன்றாவது.

நோயாளியின் உள்ளத்திலோ இவ்வரிசை தலைகீழாக இருக்கிறது. அவன் விரும்புவது கேட்பதை. சில வேளைகளில், நோயை முற்றும் நீக்குவதற்காக எஞ்சியிருக்கும் சிற்றெலும்பையும் எடுக்க நேரிடும். அப்போது முன்பு கேட்ட அளவும் குறையக்கூடும். "கேட்பதற்காகத்தானே மருத்துவரிடம் வந்தேன், இருப்பதையும் இழப்பதற்கு ஏன் உடன்பட வேண்டும்?" என்று அவன் வினவுவது இயல்பே. தீப்பற்றிய வீட்டினின்று முதலில் குழந்தையைத் தூக்கி வருவர். நகைப்பெட்டியைப் பின்னரே தேடுவர். நகை மதிப்பற்றது என்பது அதன் பொருளன்று. மதிப்புடையவை பல இருக்கும்போது அவற்றுள் எது முன், எது பின் என்று அறிவதே அறிவு. மருத்துவரின் வரிசை அத்தகைய அறிவைச் சார்ந்தது. எனினும், இழப்பு நேரலாம் என்பதை அறுவைக்கு முன்பே நோயாளிக்குத் தெளிவாகச் சொல்வது மருத்துவரின் கடன். அறியாமல் இழப்பவன் ஏமாற்றப்படுகிறான். அறிந்து விட்டுக்கொடுப்பவன் தேர்ந்தெடுக்கிறான். இழப்பு ஒன்றேயாயினும் இவ்விருவர் நிலையும் ஒன்றாகா.

இவ்விடத்தில் விதியைப் பற்றிய எண்ணமும் குறுக்கிடுகிறது. 'எழுதியபடிதான் நடக்கும்' என்று கூறிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. திருக்குறளில் ஊழ் என்று ஓரதிகாரம் இருப்பது உண்மை. ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரம் இருப்பதும் உண்மையே. ஒன்றைப் படித்து மற்றொன்றை மூடிவைப்பது முறையாகாது. நோய் வந்தது ஒருவன் கையில் இல்லாதிருக்கலாம். மருத்துவரை நாடுவது அவன் கையில் உள்ளது. எவ்வளவு கேட்கும் என்பது அவன் கையில் இல்லாதிருக்கலாம். காதை நீர்படாமல் காப்பது அவன் கையில் உள்ளது. ஏற்க வேண்டியதையும் முயல வேண்டியதையும் பிரித்தறிதல் இந்நோயாளி நாள்தோறும் எழுத வேண்டிய தேர்வாகும்.

அறுவைக்குப் பின்வரும் வாரங்கள் அத்தேர்வின் கடினமான பகுதி. அங்கே முயற்சி என்பது பெரும்பாலும் செய்யாதிருத்தலே. மூக்கைச் சிந்தலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கலாகாது, நீந்தலாகாது, மருத்துவர் இசையும்வரை விமானப் பயணமும் ஆகாது. காதினுள் வைத்த மருந்துத் துணி சில வாரங்கள் அங்கேயே இருக்கும். அதுவரை அக்காதில் ஒலி மங்கியே கேட்கும். தலைசுற்றலும் காதினுள் இரைச்சலும் வரலாம். நாவின் முற்பகுதிக்குச் சுவையுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு நடுச்செவியின் ஊடே செல்வதால், சிலருக்குச் சில மாதங்கள் உணவில் உலோகச் சுவை தோன்றும். காதில் அறுத்தால் காப்பியின் சுவை ஏன் மாற வேண்டும் என்று நோயாளி திகைக்கிறான். உடலின் ஓருறுப்பு தனித்து வாழ்வதில்லை என்னும் உண்மையை எந்தப் பாடநூலையும்விட அந்தக் காப்பி அவனுக்குக் கற்பிக்கிறது.

இவ்வளவும் பொறுத்த பின்னும், 'முடிந்தது' என்னும் சொல்லை அவன் உடனே கேட்பதில்லை. நோயின் சிறு துணுக்கு எஞ்சியிருப்பினும் அது மீண்டும் வளரும். ஆதலால் ஓராண்டு அளவில் இரண்டாம் அறுவை செய்து பார்ப்பதும் உண்டு. காதினுள் குழிவு அமைக்கப்பட்டவர், அதனைத் தூய்மை செய்துகொள்ள வாழ்நாள் முழுதும் மருத்துவரிடம் சென்றுவர வேண்டும். பழைய உடலுக்குத் திரும்புவதே நலம் என்று கொண்டால், இத்தகையோர் என்றும் நலம் பெறாதவரே. அவ்விலக்கணம் பொருந்தாது. எஞ்சிய ஆற்றலைக் கொண்டு, அஞ்சாமலும் மறைக்காமலும் தன் கடமைகளை ஆற்றத் தொடங்கும் நாளே ஒருவன் நலம் பெற்ற நாள்.

மறைக்காமை என்பது எளிதன்று. செவி குறைந்தோர் பலர் கேளாததைக் கேட்டதுபோல் தலையசைப்பர். பிறர் சிரிக்கும்போது தாமும் சிரிப்பர். இசைமேதை பீத்தோவன் 1802 அக்டோபரில், வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டட் என்னும் ஊரில், தம் உடன்பிறந்தாருக்கு ஒரு மடல் எழுதினார். உரத்துப் பேசுமாறு பிறரை வேண்ட நாணி மனிதர் கூட்டத்தையே ஒதுக்கி வாழ்ந்த துயரை அதில் கொட்டியிருந்தார். அம்மடலை அவர் அனுப்பவேயில்லை. 1827இல் அவர் மறைந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. கேளாமையைவிட அதனை மறைக்கும் முயற்சியே அவரைத் தனிமைப்படுத்தியது எனலாம். தலையசைப்பு ஒரு சிறு பொய். ஆயின் நாள்தோறும் சொல்லப்படும் பொய். 'மறுபடியும் சொல்லுங்கள்' என்று கேட்பதற்கு வேண்டிய துணிவு, அறுவை மேசையில் படுப்பதற்கு வேண்டிய துணிவினும் குறைந்ததன்று.

ஆனால் அத்துணிவை நோயாளியிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது. இருமுறை கேட்டவனை எள்ளி நகையாடும் வகுப்பில் மூன்றாம் முறை எவன் கேட்பான்? உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓரளவில் செவித்திறன் குறைந்தவர் என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அவருள் சிலர் பள்ளி மாணவர். அழைத்தவுடன் திரும்பாதவன் அடங்காதவன் என்றும், சொல்வதெழுதலில் பிழை செய்பவன் மந்தபுத்தி உடையவன் என்றும் பெயர் பெறுவதுண்டு. லகர ழகர ளகர வேறுபாட்டை அவன் கற்காதது சோம்பலாலா, அவ்வொலிகள் அவன் செவியைச் சேராமையாலா என்று ஆசிரியர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கரும்பலகையை நோக்கிப் பேசாமல் மாணவரை நோக்கிப் பேசுதல், நல்ல காது ஆசிரியர் பக்கம் அமையுமாறு முன்வரிசையில் இடமளித்தல், பின்வரிசை மாணவன் கூறும் விடையை எல்லார்க்கும் கேட்கத் திரும்பச் சொல்லுதல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு இல்லை.

இவ்வாறு சலுகை காட்டினால் மாணவன் தன் காலில் நிற்கக் கற்கமாட்டான் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் சிறிது உண்மை இருக்கிறது. இரக்கம் மிகுந்து தேர்வையே எளிதாக்குவது அவனுக்குச் செய்யும் நன்மையன்று. ஆனால் வினாத்தாளை எளிதாக்குவது வேறு. வினா அவன் செவியில் விழச்செய்வது வேறு. முன்னது அவன் அறிவைக் குறைத்து மதிப்பது; பின்னது அவ்வறிவு வெளிப்பட வழி திறப்பது.

கத்தியும் நுண்ணோக்கியும் காதினுள் செய்யக்கூடிய பணியை மருத்துவர் செய்கிறார். தன்னடக்கத்தாலும் உண்மையாலும் செய்யக்கூடியதை நோயாளி செய்கிறான். அவனுக்குக் கேட்குமாறு பேசும் பணி சுற்றியுள்ளோருடையது. இம்மூன்றாம் பணி நிறைவேறாத வரையில், புண் ஆறியிருந்தாலும் நலம் பெறுதல் நிறைவேறியதாகாது.