நிலநடுக்கமும் நீதியும்

நிலநடுக்கம் பாவத்துக்குத் தண்டனையா என்பது சமயச் சிந்தனையின் பழைய வினா. அதன் இயற்கைக் காரணமோ இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. சுமத்ரா, அந்தமான் தீவுகளுக்கு மேற்கே இந்தியத் தட்டின் கடலடிப் பாறை, பர்மா தட்டுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. இரண்டும் உரசும் இடத்தில் பாறைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட்டு, பல நூற்றாண்டுகள் வளைந்தே கிடக்கிறது. பிடி விட்டதும் துள்ளி எழுகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. நடுக்கத்தின் அளவு 9.1. எழுந்த கடலடி, மேலிருந்த நீரையும் தூக்கியது; அந்நீர் ஆழிப்பேரலையாகித் தமிழகக் கரையையும் தாக்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கர்நாடக எல்லையையொட்டிய அஞ்செட்டி மலைகளும் அதே இந்தியத் தட்டின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அவை தட்டின் விளிம்புக்கு வெகு தொலைவில், சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைமீது, கடலுக்கு எட்டாத உயரத்தில் உள்ளன. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதி குலுங்கியதுபோலத் தட்டின் உட்பகுதியும் எப்போதேனும் அசைவதுண்டு. பெருநடுக்கம் அங்கே அரிது. பேரழிவு தண்டனை என்றால், அஞ்செட்டியில் ஆடு மேய்ப்பவர் நாகையில் வலை இழுப்பவரைவிட நல்லவர் என்று கொள்ள வேண்டும். நாகையில் இறந்த குழந்தைகளின் முன் அந்த வாதம் நிற்காது.

இவ்வினா தமிழ் மண்ணிலேயே எழுந்ததுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தி, அதே மாதம் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை அது என்றார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணமே உண்டு என்று தாகூர் மறுத்தார்; அந்த மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இயற்கை விதியும் அறவிதியும் இறைவனிடம் ஒன்றே என்பது காந்தியின் நம்பிக்கை. தீண்டாமையை இருவரும் வெறுத்தனர். ஆயினும் காந்தியின் விளக்கத்தில், அக்கொடுமையைச் சுமந்தவர்களும் அதற்கான தண்டனையைப் பெற்றவர்களாகிறார்கள். இவ்வகையில் தாகூரின் நிலையே நீதிக்கு நெருக்கமானது.

தட்டுகளின் நகர்வு அழிவை மட்டும் தருவதில்லை. மலைகளை எழுப்புவதும், புதைந்த கரிமத்தை எரிமலை வழியே காற்றுக்குத் திருப்பி, உயிர் வாழத்தக்க வெப்பத்தைக் காப்பதும் அதுவே. உயிரைத் தாங்கும் ஒழுங்கு இடரையும் உடன்கொண்டது என்று இறைநம்பிக்கையாளர் விடை கூறலாம். ஆனால் அந்த விடை உலகின் அமைப்பை விளக்குமே தவிர, இறந்தவரின் வீட்டாருக்கு ஆறுதலாகாது.

அறத்தின் இடம் வேறு. 2004-இல் அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் கரையோர மக்களை எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறள், 'ஆள்வினை உடைமை' அதிகாரத்தில், நல்லூழ் இல்லாமை பழியன்று, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறது. தட்டு நகர்வதில் யார் குற்றமும் இல்லை. அறிந்த ஆபத்தை மக்களுக்குச் சொல்லாமல் விடுவதே குற்றம்.