வரவுப் பக்கம்

பம்பாய் சிவில் சர்வீஸ் அதிகாரி வில்லியம் லீ வார்னர், 1897-இல் 'இந்தியப் பிரஜை' என்று பொருள்படும் தலைப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். கிராமத்தில் தொடங்கி ஜில்லா, மாகாணம் என்று ஏறிப் பேரரசில் வந்து நிற்கும் புத்தகம். அமைதி, ரயில், படிப்பு எல்லாம் ஆட்சி தந்தவை. ஆகவே பிரஜை விசுவாசமாக இருக்கவேண்டும். அக்காலப் பாட வாசகங்கள் பலவற்றின் சாரம் இதுதான்.

இவற்றைப் பொய் என்று தள்ளிவிடுவது நமக்கு வசதி. சிரமம் என்னவென்றால், இவற்றில் பல வாக்கியங்கள் பொய்யல்ல. ரயில் வந்தது உண்மை. சென்னையையும் மேற்குக் கரையில் பேப்பூரையும் இணைத்து 1862-இல் முடிந்த பாதையில்தான் எங்கள் மொரப்பூர் இருக்கிறது. உண்மையான வாக்கியங்களைக் கொண்டே ஒரு குழந்தையிடம் பொய் சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்று நினைக்கிறேன். நான் வங்கி குமாஸ்தா. வரவுப் பக்கத்தில் எல்லா எண்களும் சரியாக இருந்து பற்றுப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தால், அந்தப் பேரேட்டைப் பாதி உண்மை என்று எந்தத் தணிக்கையாளரும் மெச்சமாட்டார்.

கிழிந்த பக்கத்தில் இருப்பவை: மதராஸ் ரயில்வே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 5 சதவிகித வருமானத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் தந்திருந்தது. குறைவது இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் குடியானவன் கட்டிய வரியிலிருந்து போயிற்று. 1876-78 பஞ்சத்தில் தர்மபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் ஜில்லா வதைபட்டபோது ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு பஞ்சக் காப்பு என்று மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் சிறு ரயில் பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் அதை மூடிவிட்டார்கள்.

நன்றி என்பது கணக்குப் பார்த்த பின்னும் எஞ்சி நிற்பது. கணக்கைப் பார்க்கவிடாமல் வசூலிப்பதற்குத்தான் விசுவாசம் என்று பெயர்.

அந்தக் கல்விதானே எதிர்ப்பையும் தந்தது என்பார்கள். ஆங்கில இலக்கியம் படித்து பி.ஏ. வாங்கிய நான் இதைச் சுலபமாக மறுத்துவிட முடியாது. பற்றுப் பக்கத்தை எழுதிக் காட்டிய தாதாபாய் நௌரோஜி அந்தப் படிப்பில் வளர்ந்தவர். 1901-இல் வந்த தம் நூலின் தலைப்பில் இந்த ஆட்சியை 'பிரிட்டிஷ் தன்மையற்றது' என்றார். ஆளுகிறவர்கள் சொன்ன தர்மத்தை அவர்களைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டதே அவர் பலம். ஆனால் அது வாசித்தவனின் நேர்மை. பாடம் எழுதியவன் அதற்கு உரிமை கோர முடியாது.

இதையெல்லாம் கடந்துவிட்டோம் என்ற தெம்பில்தான் இக்கட்டுரையை ஆரம்பித்தேன். சென்ற வாரம் என் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைவர்கள் நமக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தார்கள் என்று நானே சொன்னேன். எழுவாய் மாறியிருக்கிறது, 'தந்தார்கள்' அப்படியே இருக்கிறது. அவள் கேட்டாள்: "என்ன குடுத்துப்பா வாங்கினாங்க?"

பரீட்சையில் அது வராது என்றேன்.