கால் எங்கே மடங்குகிறது?

பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தில் பவளக்கால் உள்ளான் நிற்பதை விடியற்காலையில் பார்த்துவிட்டு வந்து, டேப்லெட்டில் கிரிட்டா செயலியில் வரைந்தேன். எல்லாம் சரியாக வந்துவிட்டதாகவே நினைத்தேன். ஓவியம் வரையும் தோழி பார்த்தாள். "காலை மனுஷக் கால் மாதிரி மடக்கிட்டியே. நடுவுல தெரியுறது முட்டி இல்லடி, கணுக்கால். அது பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கும். நிஜ முட்டி இறகுக்குள்ள இருக்கு" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம். அடுத்த வாரம் முழுக்கக் காலை மட்டுமே வரைந்தேன். புகைப்படத்திலிருந்து நிறத்தை அப்படியே உறிஞ்சி எடுக்கும் கருவியையும் தொடவில்லை. அது கைக்கு நிறத்தைத் தரும், கண்ணுக்குப் பயிற்சி தராது. தண்ணீர் என்றாலே நீலம் தீட்டிக்கொண்டிருந்தவளுக்கு, விடியலில் அது சாம்பலும் சேற்றுப் பழுப்பும் கலந்து கிடப்பது அப்போதுதான் தெரிந்தது.

பெரும்பாக்கத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் உருவானது. ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி விற்றுப் பிழைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் குடியிருந்து வேலை செய்தார்கள். வண்ணம் காயும் முன்பே பார்த்துச் சொல்ல, என் தோழியைப் போல ஒரு கண் பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

இன்று படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பறவை சற்றே சாய்ந்து நிற்கிறது. தோழிக்கு அனுப்பியிருக்கிறேன்.