அச்சு முறிந்தால் யார் பொறுப்பு?

பள்ளுருத்தியில் ஓர் அன்பரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கம் முடிந்து அனைவரும் விடைபெற்றுச் சென்ற பிறகு, ஒருவர் மட்டும் திண்ணையில் தயங்கி அமர்ந்திருந்தார். மாவு மில் நடத்துபவர். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மட்டாஞ்சேரிப் பக்கம் குடியேறிய குடும்பம். "சுவாமிஜி, தவறே செய்யாதவனுக்குப் பாவம் உண்டா?" என்று கேட்டார்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு அவருடைய மில்லில் ஓடிக்கொண்டிருந்த அரவை இயந்திரத்தின் பெல்ட் அறுந்து, சாட்டையைப்போல் வீசியடித்தது. அரிசியுடன் காத்து நின்ற ஒரு மூதாட்டியின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெல்ட் புதியது, மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. செய்தி கேட்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டவரை, தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் தடுத்துவிட்டார். "நீங்கள் போய் நின்றாலோ, பணம் கொடுத்தாலோ, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்" என்றாராம். இவர் போகவில்லை. அன்றிலிருந்து உறக்கமும் இல்லை.

வழக்கறிஞரை நான் குறைகூற மாட்டேன். தம்மை நாடி வந்தவரைக் காப்பது அவர் தொழில். ஆனால் அவருடைய அறிவுரைக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: குற்றம் செய்தவனே கடன்பட்டவன், குற்றம் இல்லையெனில் கடனும் இல்லை. இவ்வெண்ணம் சரிதானா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இது மிகப் பழைய கேள்வி. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில் வண்டி விபத்துகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. (அந்நூலின் பெயரைக் கேட்டதும் வேறு பல கசப்பான நினைவுகள் எழுவது இயல்பு, அவற்றுக்கு நியாயமும் உண்டு. இங்கு நான் எடுத்துக்கொள்வது இந்த இடத்தை மட்டுமே.) மூக்கணாங்கயிறு அறுந்தாலும், நுகத்தடி முறிந்தாலும், அச்சோ சக்கரமோ உடைந்தாலும், அதனால் நேரும் தீங்குக்குத் தண்டனை இல்லை என்கிறது அது. ஓட்டுபவன் திறமையற்றவனாக இருந்து வண்டி புரண்டால் மட்டும், அவனை அமர்த்திய உரிமையாளன் இருநூறு பணம் தண்டம் கட்ட வேண்டும். அச்சு முறிந்ததற்கு யாரைத் தண்டிப்பது? நியாயமாகத்தான் தோன்றுகிறது.

இதே வழக்கு நம் காலத்திலும் வந்தது. 1986-ஆம் ஆண்டு ஒரு ஜீப்பின் முன்சக்கர டயர் வெடித்து, வண்டி நிலைதடுமாறிக் கவிழ்ந்து, சாலையில் நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். ஓட்டுநரிடம் வேகமோ அஜாக்கிரதையோ இல்லை. ஆகவே இழப்பீடு இல்லை என்றது தீர்ப்பாயம். அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மனுவின் அச்சு முறிந்த வண்டிதான் இது! ஆனால் 2001 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. கோட்டயத்தைச் சேர்ந்த நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய அத்தீர்ப்பு, கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஒரு ஆலை அதிபரின் நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்த வழக்கில் வகுத்த கோட்பாட்டை அது துணைக்கு அழைத்தது. தன் பயனுக்காக ஆபத்தான ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருப்பவன், அது கட்டுமீறிச் செய்யும் தீங்குக்கு விடை சொல்ல வேண்டும் என்பதே அக்கோட்பாடு.

அப்படியானால் நம் முன்னோர் தவறிவிட்டார்களா? அதே ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினால் வேறொரு காட்சி தெரிகிறது. ஒவ்வோர் இல்லத்திலும் ஐந்து 'சூனை'கள், அதாவது கொலைக்களங்கள் உள்ளன என்கிறது அது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். இவற்றைப் பயன்படுத்தும்போது, நாம் அறியாமலே சிற்றுயிர்கள் மடிகின்றன. எறும்பைக் கொல்லும் எண்ணத்துடன் எவரும் அம்மியில் அரைப்பதில்லை. இதற்குத் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. ஆயினும் இல்லறத்தான் நாள்தோறும் பஞ்ச மகாயக்ஞங்களைச் செய்து தீர்க்க வேண்டிய ஒரு பாக்கி அதனால் ஏற்படுகிறது. கொலைநோக்கம் இல்லை, ஆனால் அரைத்த மாவை உண்பவன் நான்தானே? கருவியின் பயன் எனக்கு, அதன் தீங்கு மட்டும் வழியில் அகப்பட்ட எறும்புக்கு என்று கணக்கை முடிக்க அறம் அனுமதிக்கவில்லை.

ஆக, தண்டம் வேறு, கடன் வேறு. முன்னது மனத்தைப் பார்க்கிறது. பின்னது, பயனை யார் பெற்றார், துன்பத்தை யார் சுமந்தார் என்று பார்க்கிறது. வழக்கறிஞரின் அறிவுரை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

"எல்லாம் தெய்வச் செயல்" என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் ஒன்று உண்டு. ஆங்கிலேயச் சட்டமும் 'கடவுளின் செயல்' என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறது: நிலைக்களன், செய்பவன், கருவிகள், முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் ஒருவனே செய்தேன் என்பவன் அறியாதவன் என்று அது இடித்துரைப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து செய்பவனை அது நீக்கிவிடவில்லையே! பெல்ட்டும் தெய்வமும் இருக்கும் இடத்தில் மில்காரரும் இருக்கிறார்.

2002-இல் அதே நீதிபதி அளித்த இன்னொரு தீர்ப்பை, மழைக்காலக் கொச்சியில் வாழ்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மத்தியப் பிரதேசத்தில், இரவில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு தொழிலாளி, மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியில் சிக்கி மாண்டார். யாரோ மின்சாரம் திருடுவதற்காக இழுத்த கம்பி அது, எங்கள் தவறன்று என்றது மின்வாரியம். அவ்வளவு ஆபத்தான பொருளை வழங்கிக் கட்டணம் பெறுபவர் அப்படிச் சொல்லி விலக முடியாது என்றது நீதிமன்றம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரின் வாரிசுகள் நிறைந்த இந்த ஊருக்கு இந்த நியாயம் புதிதும் அன்று: முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாமலே, வேலையில் காயமுற்றவருக்கு ஈடு தர 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. பழுதான பொருளால் தீங்கு நேர்ந்தால் அதைத் தயாரித்தவரை நேரே பொறுப்பாக்க, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. எனவே அந்த பெல்ட்டை உற்பத்தி செய்தவரும் நம் கணக்கில் வரக்கூடும்.

இந்த நியாயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இயந்திரம் ஏன் பழுதுற்றது என்பது அதை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அடிபட்டவருக்கு எப்படித் தெரியும்? இதைச் சொல்லும்போதே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. "பெல்ட்டின் மேல் காப்பு வலை இருந்ததா?" என்று கேட்டேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. "இருந்தது சுவாமிஜி. அதிர்ந்து சத்தம் போடுகிறதென்று கழற்றி வைத்திருந்தோம்" என்றார். வழக்கறிஞரிடம் இதை அவர் சொல்லியிருக்கவில்லை. தம்மிடமே அதுவரை சொல்லிக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

திருவாரூரில் தேர்க்காலில் கன்று மடிந்த கதையை நாம் பாரபட்சமற்ற நீதிக்கு உதாரணமாகவே சொல்லி வருகிறோம். மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்பதும் அதனால்தான். இளவரசனுக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததாக அக்கதையில் எவரும் சொல்லவில்லை. கன்றுதான் துள்ளிக் குதித்து வந்தது. மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் முடிவை நாம் பின்பற்ற இயலாது; கடனைத் தண்டமாக மாற்றிவிட்டான் என்றே நான் கருதுகிறேன். ஆனால் மணியை அடித்த தாய்ப்பசு வாயிலில் நிற்கும்வரை "குற்றம் இல்லை" என்பது விடையாகாது என்று அவன் உணர்ந்தானே, அதை விட்டுவிட முடியவில்லை. பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞரும் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவ்விடத்தைத் தொட்டார். எந்தத் தவறும் இன்றி ஒரு குழந்தையின்மீது லாரியை ஏற்றிவிட்ட ஓட்டுநரை நாம் ஆறுதல் சொல்லித் தேற்ற முயல்வோம்; ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் நமக்கு ஏதோ உறுத்தும் என்கிறார். மில்காரருக்கு உறக்கம் வராதது நோயன்று என்று அவரிடம் சொன்னேன்.

பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கலாம், நீதிமன்றம் வாங்கித் தரலாம். நேரில் சென்று பார்ப்பதை வேறொருவர் செய்ய இயலாது. மறுநாளே அவர் போனார். சில மாதங்கள் கழித்து மீண்டும் சந்தித்தபோது விவரம் சொன்னார். சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டாராம். காப்பு வலையையும் திரும்ப மாட்டிவிட்டாராம். வழக்கு எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் போனது போனதுதான் என்றார். கைக்கட்டுடன் படுத்திருந்த அந்த மூதாட்டி அவரைக் கண்டதும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "அன்றைக்குக் கொண்டுவந்த அரிசி அங்கேயே கிடக்கிறதா, தம்பி?"