உன் வீட்டில் என்ன இருக்கிறது?



இந்த மாதத் தியானத்துக்காக 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தைத் திறந்து, முதல் ஏழு வசனங்களை வாசித்துக்கொள்ளுங்கள். ஏழே வசனம். அதில் ஒரு விதவை, ரெண்டு பிள்ளைகள், வாசலில் கடன்காரன், உள்ளே ஒரு குடம் எண்ணெய். பைபிள் காலேஜில் படித்த நாட்களில், இந்த எண்ணெய் பரிசுத்த ஆவியானவருக்கு அடையாளம் என்று பிரசங்கிக்கக் கற்றுக்கொண்டோம். நல்ல சத்தியம். ஆனாலும் எலிசா அவளிடம் கடைசியில் சொன்னது என்ன? எண்ணெயை விற்கச் சொன்னார்! கிராமத்தில் ஒரு சின்னத் தொழில் ஆரம்பிக்கிறவனுக்கு வேண்டிய பாடம் முழுவதும் இந்த ஏழு வசனத்தில் இருக்கிறது. அல்லேலூயா!

ஏன் இதைச் சொல்கிறேன்? "ஐயா, ஒரு கடை போடப்போறோம், வந்து ஜெபம் பண்ணுங்க" என்று கூப்பிடுகிறார்கள். சந்தோஷமாகப் போகிறேன். ஆறு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து, "ஐயா, கடன் தொல்லை, வந்து ஜெபம் பண்ணுங்க" என்று ஆள் வருகிறது. அதற்கும் போகிறேன். ஆனால் இந்த ரெண்டு ஜெபத்துக்கும் நடுவே நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டே, அதை யார் சொல்வது?

முதலாவது, கையில் இருப்பதைப் பார்.

எலிசா அவளுக்குப் பணம் கொடுக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பக்கத்து ஊரில் ஒருத்தன் செல்போன் கடை வைத்தான் என்று நீயும் வைக்காதே. உன் மண்ணில் விளைகிறது என்ன, உன் கைக்குத் தெரிந்த வேலை என்ன? கோவில்பட்டியைப் பாருங்கள். கரிசல் காட்டு நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான் மூலதனம். அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் கிடைத்தது. ரெண்டும் நம்ம அம்மாமார் அடுப்படியில் செய்கிற பண்டம்தானே!

கைக்குப் பழக்கம் இல்லையென்றால் கற்றுக்கொள். வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய மாதிரியைப் பார்த்து உண்டானவை. தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் ரிப்பேர் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பவுல் அப்போஸ்தலன் கூடாரம் பண்ணுகிற தொழிலைக் கையில் வைத்திருந்தார் (அப்போஸ்தலர் 18:3). நானும் பகலில் தையல் மெஷினில் உட்காருகிறவன்தான். கைத்தொழில் ஊழியத்துக்கு இழுக்கு அல்ல.

இரண்டாவது, உட்கார்ந்து கணக்குப் பார்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவரே சொன்னார் (லூக்கா 14:28). நாமோ நின்றுகொண்டே கணக்குப் போடுகிறோம். முறுக்கு போடுகிற ஒரு சகோதரி, "இன்னைக்கு 1,200 ரூபாய்க்கு வித்தேன் ஐயா" என்று சந்தோஷப்படுகிறாள் என்று வையுங்கள். மாவும் எண்ணெயும் 800. கேஸ் 120. கவரும் பஸ் செலவும் 80. மிச்சம் 200. விடியற்காலம் நாலு மணியிலிருந்து அடுப்பில் வெந்ததற்கு அந்த 200 கூலிக்கே காணாது, பிறகு லாபம் எங்கே? விலையைக் கூட்டு, அல்லது செலவைக் குறை. ரெண்டும் முடியாதென்றால், சரக்கை மாற்று. தன் உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்கு பொய்க்கணக்கு.

மூன்றாவது, எதைக் கடன் வாங்குகிறாய் என்று பார்.

அவள் அயலகத்தாரிடம் வாங்கினது வெறும் பாத்திரம். பணம் அல்ல! ஏற்கனவே கடன் அவள் பிள்ளைகளை அடிமையாக்க வந்து நிற்கிறது. நம்ம ஊரில் கடை திறக்கிறவர்கள் பலர் தண்டல் பணத்தில் திறக்கிறார்கள். பத்தாயிரம் என்று பேர், பிடித்தம் போக கையில் வருவது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்டவேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று நினைக்கிறோம். தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், சராசரியாக அதில் பாதிதான் நம்மிடம் இருக்கும். வருஷக் கணக்காகப் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டும். எந்தப் பெட்டிக்கடை இந்த வட்டிக்குச் சம்பாதிக்கும்? கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டமே வந்தது. நம்ம பயத்தினால் அது ஏட்டில் கிடக்கிறது.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் ஒழுங்கான வாசல் உண்டு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு 50,000 ரூபாய் வரை சிசு கடன் என்று ஒரு பிரிவு உண்டு, அதற்குச் சொத்து ஈடு கேட்பதில்லை. உத்யம் பதிவு இலவசம். அதற்கு இடைத்தரகனுக்குப் பணம் கொடுக்காதே. ஆனால் பிள்ளையே, வங்கிக் கடனும் கடன்தான், திருப்பிக் கட்டவேண்டும்.

நான்காவது, அயலகத்தாராகிய நாம்.

இதைக் கொஞ்சம் கசப்பாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் யாரும் பாத்திரம் கொடுக்காமல் இருந்திருந்தால்? பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோயிற்று என்று வேதம் சொல்லுகிறது. அற்புதத்தின் அளவு அக்கம்பக்கத்தார் கொடுத்த பாத்திரத்தின் அளவு!

நம்ம சபையில் மளிகைக்கடை வைத்த ஒரு சகோதரி ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பாக்கி பதினாலாயிரத்துச் சொச்சம். பேர்களில் பாதி நம்ம விசுவாசிகள். "ஐயா, கேட்டா சபைக்கு வரமாட்டாங்க. கேக்காட்டி எனக்குச் சரக்கு எடுக்க வழியில்ல. நான் என்ன செய்யட்டும்?" என்று அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேர் ஒன்றும் சொல்லாமல், பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னேன்: "பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகப் போ என்று ஆண்டவர் சொன்னார். கடையில் பாக்கி வைத்துவிட்டு நீ பெட்டியில் போடுகிற காணிக்கை உன் பணம் அல்ல, அந்தக் கடைக்காரியின் பணம். இந்த வாரம் பெட்டி காலியாக இருந்தாலும் பரவாயில்லை, அவரவர் பாக்கியைக் கட்டுங்கள்."

பலர் அந்த வாரமே கட்டினார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ரெண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. போனவர்களுக்காக இன்றும் ஜெபிக்கிறேன், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன். அந்தக் கடை இன்று திறந்திருக்கிறது. "இன்று ரொக்கம், நாளை கடன்" என்கிற போர்டும் தொங்குகிறது. அந்தப் போர்டைப் பார்த்து யாரும் கோபப்படாதிருங்கள்.

கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. கள்ளத் தராசை கர்த்தர் அருவருக்கிறார். முத்திரை போடாத தராசு உன் கடையில் இருக்கக்கூடாது. சபைக்காரனுக்கு ஒரு எடை, மற்றவனுக்கு ஒரு எடை வேண்டாம்.

கடைசியாக, வரிசையைப் பார்.

விற்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், மிஞ்சினதில் பிள்ளைகளோடு ஜீவனம்பண்ண வேண்டும். இதுதான் எலிசா சொன்ன வரிசை. நாம் முதலில் ஜீவனம் பண்ணுகிறோம், மிஞ்சினால் கடனைப் பார்க்கிறோம். மூன்று தகர டப்பா வை: சரக்குக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டு டப்பா காலியானால் சரக்கு டப்பாவில் கை வைக்காதே. தசமபாகத்தைப் பற்றிக் கேட்கிறீர்களா? நிலத்தில் விளைந்த பலனில்தான் தேவன் கேட்டார் (உபாகமம் 14:22), விதைநெல்லில் கேட்கவில்லை. கல்லாப்பெட்டியில் இருப்பது எல்லாம் பலன் அல்ல. சரக்குக் காசை எடுத்து என் கையில் கொடுக்கவேண்டாம், நான் வாங்கமாட்டேன்.

தேவ பிள்ளையே, அந்த விதவையின் பேர் வேதத்தில் இல்லை. அவள் பிள்ளைகள் அடிமையாகப் போகவில்லை, அதுதான் சாட்சி. உன் பிள்ளையும் அட்வான்ஸ் வாங்கின கடனுக்காக மில்லுக்குப் போகாமல் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பள்ளிப்பாடம் படிக்கட்டும்.

ஜெபிப்போம். அன்புள்ள பரம பிதாவே, புதிதாய்த் தொழில் தொடங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணக்குப் பார்க்கிற ஞானத்தைத் தாரும். தண்டலுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிற வீடுகளில் விடுதலையைக் கட்டளையிடும். பாக்கி வைத்திருக்கிற எங்கள் இருதயங்களை உணர்த்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.